ராத்திரி இரண்டு மணிக்கு யாரைக் கூப்பிடுவது?

நெஞ்சு வலி என்றால் 108. தீப்பிடித்தால் 101. இது நம் வீட்டுக் குழந்தைகளுக்கே தெரியும். வீட்டில் ஒருவர் திடீரென்று நிலை தடுமாறி, "என்னைக் கொல்ல வர்றாங்க" என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டால் எந்த நம்பர்? சட்டென்று பதில் வராது. ஊரில் என்றால் பெரியப்பா, மாமா, எதிர்வீட்டு வாத்தியார் என்று நாலு பேர் ஓடி வருவார்கள். இங்கே புனேயில் நமக்கு இருப்பது வாட்ச்மேன் ஒருவர்தான். அவரும் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பார்.

மனநலம் பற்றிய பேச்சுக்கு இப்போது குறைச்சல் இல்லை. அக்டோபர் 10 வந்தால் ஆபீஸில் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு ரிப்பன், ஒரு செமினார், பிறகு சமோசா. வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவசரம் என்று வரும்போது வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிற மருத்துவக் குழு ஒன்று நம் ஊர்களில் வேண்டும். அதைத்தான் நாம் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. அதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், எங்கள் அபார்ட்மெண்டில் இரண்டு வருடம் முன்பு நடந்தது. மேல் மாடியில் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். பேரனைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த ஆச்சிக்கு எழுபதுக்கு மேல் வயது. ராத்திரி ஒரு மணிக்கு அந்தப் பையன் போன் செய்தான். "அண்ணாச்சி, கொஞ்சம் மேல வாங்க. அம்மா ரூமைப் பூட்டிக்கிட்டு யாரோ பிள்ளையத் தூக்கிட்டுப் போக வந்திருக்கான்னு கத்துதாங்க."

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டோம். வந்தவர்கள், இது போலீஸ் கேஸ், அவர்கள் வராமல் தொடமாட்டோம் என்றார்கள். போலீஸ் வந்தது. இரண்டு பேர், மரியாதையாகத்தான் பேசினார்கள். மராத்தியில் ஒன்று, இந்தியில் ஒன்று. ஆச்சிக்குத் தமிழைத் தவிர ஒன்றும் தெரியாது. கதவிடுக்கில் காக்கிச் சட்டையைப் பார்த்ததும் கத்தல் இரண்டு மடங்கானது. கடைசியில் பி பிளாக்கில் இருக்கும் நாகர்கோவில் நர்ஸம்மாதான் வந்து, கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, "ஆச்சி, தண்ணி குடிச்சியளா? பேரன் இங்கதான் எம்மடியில இருக்கான்" என்று முக்கால் மணி நேரம் பேசினார். கதவு திறந்தது.

பிறகு நடந்ததுதான் கொடுமை. முதலில் போன ஆஸ்பத்திரியில், "மென்டல் கேஸ் எடுப்பதில்லை" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சோடியம் தரைமட்டம். பிரஷர் மாத்திரைகளில் சில உடம்பிலிருக்கும் உப்பைக் குறைத்துவிடும். வயதானவர்களுக்கு உப்பு ரொம்பக் குறைந்தால் இப்படிப் புத்தி குழம்பும். நாலு நாளில் ஆச்சி பழையபடி ஆனார்.

"அப்பாடா, பைத்தியம் இல்லை" என்று சொந்தக்காரர்கள் ஆறுதல்பட்டார்கள். எனக்கு அந்த ஆறுதல் வரவில்லை. அது உப்புக் குறைவா, மனச்சிதைவா, குடியை நிறுத்தியதால் வந்த குழப்பமா என்று வாசலில் நின்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் முதலில் வர வேண்டியது மருத்துவம் தெரிந்த ஆள். அது மனநோயாகவே இருந்திருந்தாலும் ஆச்சிக்கு அதே கவனிப்பு கிடைத்திருக்க வேண்டும்.

இனி சட்டம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இல் நிறைவேறி 2018-இல் அமலுக்கு வந்தது. பொறுமையாகப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். 94-ஆம் பிரிவின்படி, உயிருக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற அவசரத்தில், பதிவு பெற்ற எந்த டாக்டரும் சிகிச்சை தொடங்கலாம். மனநல நிபுணராக இருக்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில்தான் என்றும் இல்லை, நோயாளி இருக்கும் இடத்திலேயே செய்யலாம். மதிப்பீட்டுக்காக வண்டியில் அழைத்துப் போவதும் அந்த அவசர சிகிச்சையில் அடக்கம். பெரும்பாலான மாநிலங்களில் 72 மணி நேரம் வரை அவகாசம். 100-ஆம் பிரிவு போலீஸுக்கு: பாதுகாப்பில் எடுத்தவரை 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்தில் சேர்க்க வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது. 22-ஆம் பிரிவு, நோயைப் பற்றியும் சிகிச்சையைப் பற்றியும் நோயாளிக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும் என்கிறது. சங்கிலியால் கட்டுவது அடியோடு தடை.

எல்லாம் எழுதியிருக்கிறது. எழுதியதை ராத்திரியில் செய்ய ஆள்தான் இல்லை.

2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு டெலி மானஸ் தொடங்கியது. நம்பர் 14416, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். பெங்களூர் நிம்ஹான்ஸ் இதில் முக்கியப் பொறுப்பில் இருக்கிறது. நல்ல காரியம், போனில் இப்போதே சேமித்து வையுங்கள். ஆனால் போனைக் காதில் வைக்கும் நிலையில் இல்லாதவரிடம் போன் என்ன செய்யும்? அதற்கு ஒரு மனுஷர்தான் நேரில் வர வேண்டும்.

"நம் நாட்டில் இதெல்லாம் நடக்கிற காரியமா சார்?" என்று ஒரு நண்பர் கேட்டார். 108-ஐப் பற்றியும் இப்படித்தான் கேட்டிருப்போம். அது 2005-இல் ஹைதராபாத்தில் தொடங்கி, 2008-இல் தமிழ்நாட்டுக்கும், 2014-இல் மகாராஷ்டிராவுக்கும் வந்தது. அதற்கு முன் மாரடைப்பு வந்தவரை ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடியவர்கள்தானே நாம்?

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான்:

1. மாவட்டத்துக்கு ஒரு வண்டியாவது வேண்டும். பயிற்சி பெற்ற நர்ஸ், சமூகப் பணியாளர், போனில் டாக்டர். 108-ஐ அழைத்தாலும் 14416-ஐ அழைத்தாலும் அது வர வேண்டும்.

2. மாவட்ட அரசு மருத்துவமனை கேஷுவாலிட்டியில் 24 மணி நேரமும் இதற்கென்று சில படுக்கைகள். முதல் வேலை ரத்தப் பரிசோதனை.

3. போலீஸ் தேவைப்பட்டால் வரட்டும், குழுவுக்குப் பின்னால் நிற்கட்டும்.

4. நோயாளியின் மொழி பேசுகிறவர் ஒருவர், குறைந்தபட்சம் ஸ்பீக்கர் போனில். தமிழருக்கு மட்டுமா இது? கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் பீகார்ப் பையனுக்கும் இதே பாடுதான்.

இப்படி ஒரு வண்டி வந்தால் பிடிக்காதவர்களை எல்லாம் பைத்தியம் என்று அள்ளிக்கொண்டு போவார்களே என்ற பயம் நியாயமானது. அதற்குத்தான் சட்டத்தில் கால வரம்பும் மறுஆய்வு வாரியமும் இருக்கின்றன. உதவிக்கு ஆள் வராத இடத்தில்தான் பலவந்தம் அதிகம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். அவர்களில் பலரை அங்கே விட்டுப்போனது சொந்தக் குடும்பத்தினர்தான். கல் நெஞ்சக்காரர்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். வேறு எந்தக் கதவும் திறக்காமல் போனவர்கள் அவர்கள்.

நாம் என்ன செய்யலாம்? வீட்டில் ஒரு வெள்ளைத்தாள் போதும். 14-ஆம் பிரிவின்படி, எனக்கு முடியாமல் போனால் என் சார்பாக இன்னார் பேசட்டும் என்று எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கலாம். சொந்தங்கள் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நமக்கு இது ரொம்ப முக்கியம். ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களின் மாத்திரைப் பட்டியலை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். அப்புறம், வருஷா வருஷம் பொங்கல் விழாவுக்கு எம்.எல்.ஏ.வைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துகிறோம் இல்லையா? அடுத்த முறை பொன்னாடையோடு மேலே உள்ள நாலையும் மராத்தியில் எழுதி ஒரு மனுவாகக் கொடுப்போம். சுகாதாரம் மாநில அரசின் கையில் இருக்கிறது. நம்மில் பலருக்கு இங்கேதான் ஓட்டு. எங்கள் சங்கத்துக்கான மனுவை நான் எழுத ஆரம்பித்துவிட்டேன். மராத்தி நன்றாகத் தெரிந்தவர்கள் யாராவது பிழை திருத்திக் கொடுத்தால் உபகாரமாக இருக்கும்.