கௌச்சிக் கனியும் சந்தை மருத்துவமும்

ஒரு மருத்துவ மரபைப் பழிப்பவனிலும் பார்க்க, அதனைப் பொய்யாகப் புகழ்ந்து விற்பவனே அதற்குக் கூடிய கேடு விளைவிக்கின்றான். சீன மருத்துவத்தில் நெடுங்காலம் பயின்றுவரும் கௌச்சி என்னும் சிறு செங்கனிக்கு அண்மைக் காலத்தில் நேர்ந்த கதி இதற்குத் தக்க சான்றாகும். மஞ்சள் ஆற்றின் நீர் பாயும் வயல்களில் விளைந்து, கஞ்சியிலும் தேநீரிலும் கஷாயத்திலும் அளவோடு சேர்க்கப்பட்டுவந்த இக்கனி, 'கோஜி' என்னும் வணிகப் பெயர் பூண்டு மேலைநாட்டுச் சந்தைகளில் இறங்கியதும் சர்வரோக நிவாரணியாக உருமாறியது. புற்றுநோயைத் தடுக்கும், நீரிழிவை மாற்றும், முதுமையை விரட்டும் என்றெல்லாம் அதன் புகழ் பாடப்பட்டது. கனி முன்னிருந்தவாறே இருந்தது. அதனைப் பற்றிய பேச்சே மாறியது. இப்பேச்சினால் ஆதாயம் பெற்றோர் யார், இழப்பெய்தியோர் யார் என்பதே ஈண்டு ஆராய்தற்குரியது.

கௌச்சிச் செடி அதிசயத் தாவரம் எதுவுமன்று. கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியன அடங்கிய குடும்பத்தையே அதுவும் சார்ந்தது. தாவரவியலார் அதனை லைசியம் பார்பரம் என்பர். சீனாவின் வடமேற்கிலுள்ள நிங்சியா பிரதேசம், அதிலும் சிறப்பாகச் சொங்னிங் மாவட்டம், இக்கனிக்குப் பெயர்பெற்றது. சிங்ஹாய், சின்சியாங் ஆகிய பகுதிகளிலும் அது பெருமளவிற் பயிரிடப்படுகிறது. ஆயினும் விளம்பரகாரருக்கு இவ்வூர்கள் போதுமான கவர்ச்சியுடையனவாய்த் தோன்றவில்லை. 'இமாலயக் கனி' என்றும் 'திபெத்தியக் கனி' என்றும் போத்தல்களிற் பெயர் பொறித்து, பனிமலைகளையும் துறவியரையும் துணைக்கழைத்தனர். ஆற்றங்கரை வயல்களில் வெயிலில் நின்று கனி பறிக்கும் உழவரின் உழைப்பு இவ்வாறு மலைமுகட்டு மாயத்தினுள் மறைக்கப்பட்டது. பொய்யின் முதற்படி இதுவேயாகும்.

சீன மருத்துவம் இக்கனியைப் பற்றிக் கூறுவது யாது? இனிப்புச் சுவையும் நடுத்தரத் தன்மையும் உடையது; ஈரலையும் சிறுநீரகத்தையும் போஷிப்பது; கண்ணுக்குத் தெளிவு தருவது என்பதே அம்மரபின் கொள்கை. ஈரல், சிறுநீரகம் என அம்மரபு குறிப்பவை இன்றைய உடற்கூற்றியல் கூறும் உறுப்புக்களோடு முற்றாக ஒத்தவையல்ல என்பதும் மனங்கொள்ளத்தக்கது. மங்கிய பார்வைக்கும் வரண்ட கண்ணுக்கும் கௌச்சியைச் செவ்வந்திப் பூவோடும் பிற மூலிகைகளோடும் கூட்டி வழங்குவது அங்கு வழக்கு. சீன மக்கள் குடியரசின் மருந்தியல் நூல் இதற்கு விதித்துள்ள அளவு 6 முதல் 12 கிராம் வரையாகும். அதுமட்டுமன்று. செரிமானம் நலிந்து வயிற்றுப்போக்கு உடையவருக்கும், காய்ச்சல் கண்டவருக்கும் இதனைக் கொடுத்தலாகாது என அம்மரபு வைத்தியர் எச்சரிப்பர். நோயாளியின் நிலை, மருந்தின் அளவு, விலக்கவேண்டிய சந்தர்ப்பம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே மருத்துவம். கோஜிச் சாற்றை விற்றவர்கள் இம்மூன்றையும் வீசியெறிந்துவிட்டுக் கனியை மாத்திரம் வைத்துக்கொண்டனர். எவருக்கும், எந்நிலையிலும், எவ்வளவும் நல்லது என்று கூறப்படும் பொருள் எம்மரபிலும் மருந்தாகாது.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழக்கூடும். சீனாவின் மிகப் பழைய மருந்து நூலான 'ஷென்னோங் பென்சாவோ ஜிங்' கௌச்சியை உயர்தர மருந்துகளின் வரிசையில் வைத்துள்ளதே, அவ்வரிசை மருந்துகள் ஆயுளை நீட்டிக்கும் என்றும் அந்நூல் கூறுகின்றதே, அவ்வாறிருக்க விற்பனையாளர் கூறுவதிற் பிழை என்ன எனச் சிலர் வினவுவர். இவர்கள் அந்த வரிசையை முழுமையாக நோக்கவேண்டும். இரசமும் கந்தகமும் சேர்ந்த சாதிலிங்கமும் அதே உயர்தர வரிசையிலேயே இடம்பெற்றுள்ளது. பழைய நூலில் இடம்பெற்றமையே பாதுகாப்புக்கும் பயனுக்கும் போதிய சான்றெனின், கௌச்சியை உண்பவர் சாதிலிங்கத்தையும் உண்ணவேண்டும். பழைமை ஒரு பொருளை ஆராயத் தூண்டும் காரணமாகலாம், ஆராய்ச்சியின் முடிபாகாது.

இதனை முதலில் உணர்ந்தோர் மேலைநாட்டு விஞ்ஞானியர் அல்லர். சீன மருத்துவ அறிஞரே. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த லீ ஷிசென், முன்னோர் நூல்களை ஒப்புநோக்கி, அவற்றின் பிழைகளைத் திருத்தி, 'பென்சாவோ காங்மு' என்னும் பெருநூலை 1578இல் முடித்தார். அவர் மறைந்த பின்னர், 1596இல் அது அச்சேறியது. இரசத்தை உண்டு சாவாமை பெறலாம் என்ற பழங்கூற்றை அவர் வன்மையாகக் கண்டித்தார். மரபினுள் நின்றே மரபைத் திருத்திய அப்பெருமகனின் வழி, இன்று அம்மரபின் பெயரால் வணிகஞ் செய்வோருக்கு அந்நியமானது.

இனி விளம்பரக் கூற்றுக்களை ஒவ்வொன்றாக எடுத்து நோக்கலாம். எடைக்கு எடை தோடம்பழத்திலும் 500 மடங்கு விற்றமின் சி கோஜியில் உண்டு என்பது பரவலாகச் சொல்லப்பட்ட ஒன்று. 100 கிராம் தோடம்பழத்தில் ஏறத்தாழ 53 மில்லிகிராம் விற்றமின் சி உண்டு. அதன் 500 மடங்கு 26 கிராமுக்கும் அதிகம். அதாவது, உலர்ந்த கோஜியின் எடையிற் கால்வாசிக்கு மேல் விற்றமின் சியாகவே இருத்தல் வேண்டும். பாடசாலை மாணவனும் போட்டுப் பார்க்கக்கூடிய இக்கணக்கைப் போடாமலேயே பல்லாயிரவர் பணத்தைக் கொடுத்தனர். ஐக்கிய அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் உணவு அட்டவணைப்படி, 100 கிராம் உலர்ந்த கோஜியில் உள்ள விற்றமின் சி ஏறத்தாழ 48 மில்லிகிராமே. தோடம்பழத்திலும் அது சற்றுக் குறைவு. வேலியோரத்துக் கொய்யாப்பழமோ அதே எடையில் 200 மில்லிகிராமுக்கு மேல் தரவல்லது. கொய்யாவுக்கு இமாலய முகவரி இல்லாமையே அதன் குறை போலும்!

அடுத்தது நீண்ட ஆயுள் பற்றிய கதை. லீ சிங்யுன் என்னும் சீன மூலிகையாளர் கௌச்சியை உண்டு 250 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார் என்பது விற்பனையாளரின் விருப்பத்துக்குரிய கதை. அவர் 1933இல் இறந்தார் என்பது தெரியும். பிறந்த ஆண்டு 1677 என்பாரும் 1736 என்பாருமாக இருவகையினர் உளர். ஒரு மனிதனின் பிறப்பிலேயே 59 ஆண்டு வேறுபாடு காணப்படும்போது, அவனது வயதைக் கொண்டு ஒரு கனியின் ஆற்றலை நிறுவ முற்படுவது நகைப்புக்கிடமானது. ஆவணங்களால் உறுதிசெய்யப்பட்ட மிக நீண்ட மனித ஆயுள், 1997இல் மறைந்த பிரான்சிய மூதாட்டி ஜான் கல்மொன் வாழ்ந்த 122 ஆண்டுகளாகும்.

இவை வெறும் கதைகளாக நின்றிருப்பின் சிரித்துவிட்டுப் போகலாம். புற்றுநோயாளியிடம் அவை சென்றபோதே கொடுமை தொடங்கியது. கோஜிச் சாறு மார்பகப் புற்றுநோயைப் பெருமளவு தடுப்பதாக ஆய்வு உண்டு என்று பரப்பப்பட்ட கூற்றைக் கனேடிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் நுகர்வோர் நிகழ்ச்சி 2007இல் துருவி ஆராய்ந்தபோது, அதற்கு ஆதாரமில்லை என்பது வெளிப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில், நோய் தீர்க்கும் எனக் கூறிக் கோஜிச் சாறு விற்றோருக்கு ஐக்கிய அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் எச்சரிக்கைக் கடிதங்கள் அனுப்பியிருந்தது. இச்சாற்றின் விற்பனையிற் பெரும்பங்கு கடைகளின் வழியாக அன்றி, ஆளுக்கு ஆள் சேர்க்கும் சங்கிலித்தொடர் முறையிலேயே நடைபெற்றது. இம்முறையில் அயலவனின் மூட்டுவலியும் உறவினளின் கட்டியும் தரகுப் பணத்துக்குரிய சந்தர்ப்பங்களாகின்றன. நோயாளியின் அச்சத்தை உறவின் நம்பிக்கையைக் கொண்டே விலைபேசும் இவ்வேற்பாட்டைச் சீன மருத்துவம் என்பது அம்மருத்துவத்துக்குச் செய்யும் அவமதிப்பாகும்.

அவ்வாறாயின் இக்கனியிற் பயனே இல்லையா எனின், உண்டு. அதனை மறுப்பதும் பொய்யே. விழித்திரையின் நடுப்பகுதியிற் செறிந்து, கண்ணைக் கூரிய ஒளியினின்றுங் காக்கும் நிறப்பொருள்களுள் சியாசாந்தின் என்பது ஒன்று. மனித உடல் அதனைத் தானே ஆக்கவல்லதன்று, உணவினின்றே பெறவேண்டும். கௌச்சியில் அது மிகுதியாக உண்டு. டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்ணியப் பல்கலைக்கழகத்தினர் 2021இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 45 முதல் 65 வயது வரையிலான நலமுடைய 27 பேர் பங்குபற்றினர். நாளொன்றுக்கு 28 கிராமாக, வாரத்தில் ஐந்து நாள், 90 நாள்களுக்கு உலர்ந்த கோஜியை உண்டவரின் விழித்திரை நிறப்பொருட் செறிவு உயர்ந்தது. கண்ணுக்குத் தெளிவு தரும் என்ற பழங்கூற்று வெறுங்கற்பனையன்று என எண்ண இஃது இடந்தருகிறது. ஆயினும் நிறப்பொருள் கூடுவது ஒன்று. கண்ணோய் தடுக்கப்படுவது பிறிதொன்று. முன்னையது சிறு குழுவொன்றிற் காணப்பட்டது. பின்னையது பலரைப் பல்லாண்டு அவதானித்தே நிறுவப்பட வேண்டியது. இவ்வளவே இன்று நேர்மையுடன் சொல்லக்கூடியது. ஆனால் 'இவ்வளவே' என்ற சொல்லைக் கொண்டு போத்தல் விற்க முடியாது.

"பழந்தானே, உண்டால் என்ன தீங்கு?" என்பது இறுதியாக எஞ்சும் வாதம். குருதி உறைதலைத் தடுக்க வோபரின் என்னும் மருந்தை உட்கொண்டுவந்த 61 வயதுச் சீனப் பெண்ணொருவர், கௌச்சிக் கனியைச் செறிவாக வடித்த தேநீரை நாளுக்கு மூன்று நான்கு குவளை பருகியபோது, அவரது குருதி உறையும் ஆற்றல் அபாயகரமான அளவுக்குக் குறைந்தது. தேநீரை நிறுத்தியதும் நிலைமை சீரடைந்தது. 2001இல் மருத்துவ ஆய்விதழிற் பதிவாகிய இச்சம்பவத்தையொத்த வேறு சிலவும் பின்னர் பதிவாகின. உலர்ந்த கோஜியின் எடையில் 45 சதவீதத்துக்கு மேல் சீனியே என்பதை நீரிழிவுக்காரருக்கு எத்தனை விளம்பரங்கள் சொல்லின? உடலில் யாதொரு விளைவையும் ஏற்படுத்தவல்ல பொருள், தவறான இடத்தில் தவறான விளைவையும் ஏற்படுத்தும். நோயைத் தீர்க்கும்போது அது வல்லமை வாய்ந்த மருந்து, தீங்கைப் பற்றி வினவும்போது அது வெறும் பழம் என்று கூறுவோர் இரு நாக்குடையோர்.

மேலைநாட்டு மருந்துக் கம்பனிகள் மாத்திரம் யோக்கியமானவையோ என்று கேட்போரும் உளர். அல்லவே. இலாபத்துக்காகப் பாதகமான முடிபுகளை மறைத்த கம்பனிகள் அங்கும் உண்டு. ஆயின் ஒரு வணிகனின் பொய் மற்றொரு வணிகனின் பொய்யை மெய்யாக்குவதில்லை. இரண்டையும் ஒரே உரைகல்லில் உரைப்பதே அறிவுடைமை. கீழைத்தேய மருத்துவம் அந்த உரைகல்லுக்கு அஞ்சவேண்டியதில்லை என்பதை நிறுவியவர் தூ யூயூ. மலேரியாவுக்கு மருந்து தேடிய அவர், 4ஆம் நூற்றாண்டினரான கோ ஹொங்கின் நூலில், சிங்ஹாவ் என்னும் பூண்டை நீரில் ஊறவைத்துப் பிழியும் முறையைக் கண்டார். கொதிக்கவைத்தலே மருந்தின் ஆற்றலை அழிக்கின்றது என ஊகித்து, தாழ்ந்த வெப்பநிலையில் அதன் சாரத்தை 1971இற் பிரித்தெடுத்தார். விலங்குகளிற் சோதித்தார், தம் உடலிலும் சோதித்தார், அதன் பின்னரே நோயாளருக்குக் கொடுத்தார். ஆட்டமிசினின் என்னும் அம்மருந்துக்காக 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பழைய நூலை வணங்கி மூடிவைக்கவும் இல்லை. எள்ளி எறியவும் இல்லை. அதனிடம் ஒரு வினாவைக் கேட்டு, விடையைச் சோதித்தார்.

கௌச்சிக் கனிக்கும் அந்த நீதியே வழங்கப்படல் வேண்டும். அது கஞ்சியில் இடுவதற்கு நல்ல உணவு. தேர்ந்த வைத்தியரின் கையில் அளவறிந்து வழங்கப்படும் ஒரு துணைமருந்து. கண்ணைப் பற்றிய வரையில் மேலும் ஆராயத்தக்க பொருள். இவற்றுக்கு மேலான புகழ் யாவும் கனிக்குரியதன்று, விற்பவனுக்குரியது. எவரேனும் அச்சிவந்த போத்தலை நோயாளியின் கட்டிலருகே கொண்டுவந்து வைத்தால், அவரிடம் மூன்று வினாக்கள் கேட்கப்படட்டும்: எந்நோய்க்கு? எவ்வளவு? எவருக்கு ஆகாது? விடை தெரிந்தவர் வைத்தியர். தெரியாதவர் வியாபாரி. மரபின் மீது உண்மையான மதிப்புடையோர் இவ்வினாக்களைக் கேட்கத் தயங்கலாகாது. தயங்குமிடத்து, அத்தயக்கத்தின் விலையைக் கொடுப்பவன் நோயாளியே.