விலை ஏறுவது கடைக்காரராலா?

சிங்கப்பூரின் புக்கிட் மேரா ஈரச்சந்தைகளில் காய்கறி விலை கூடும்போதெல்லாம் ஒரே பேச்சு: "கடைக்காரங்க கொள்ளை லாபம் அடிக்கிறாங்க." நம்புவதற்கு எளிதான பேச்சு. நடந்தவற்றோடுதான் பொருந்தவில்லை.

வெங்காயத்தையே எடுத்துக்கொள்வோம். 2023 டிசம்பர் 8 அன்று இந்தியா அதன் ஏற்றுமதியைத் தடை செய்தது. இந்திய வெங்காயத்தை நம்பியிருந்த வங்கதேசத்தில் விலை எகிறியது. வெங்காயம் விளையும் இந்தியாவின் நாசிக் மாவட்டத்திலோ விலை சரிந்து, விவசாயிகள் மும்பை–ஆக்ரா நெடுஞ்சாலையை மறித்தார்கள். பேராசைதான் காரணம் என்றால், ஒரே சரக்கு ஓரிடத்தில் ஏறி இன்னோரிடத்தில் ஏன் விழுந்தது? இரண்டையும் செய்தது ஓர் அரசாணை. அந்த ஆணைக்குப் பின்னால் வானம் இருந்தது: எல் நினோ ஆண்டான 2023இல், 1901க்குப் பிறகு மிக வறண்ட ஆகஸ்டை இந்தியா கண்டது. அங்கே நுகர்வோர் விலைக் குறியீட்டில் உணவு, பானங்களின் பங்கு அப்போது ஏறக்குறைய 46 விழுக்காடு. குடும்பச் செலவில் பெரும்பங்கு சாப்பாட்டுக்கே போகும் நாட்டில், தேர்தலுக்குச் சில மாதங்களே இருக்க, எந்த அரசும் சும்மா இருக்காது. நம் வீட்டு இட்லிக்கான புழுங்கல் அரிசிக்கும் அந்த ஆகஸ்டிலேயே 20 விழுக்காடு ஏற்றுமதி வரி விழுந்திருந்தது.

"பதுக்கி வைத்து விற்கிறார்கள்" என்பார்கள். பதுக்குவோர் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தட்டுப்பாடு வந்த பிறகுதான் பதுக்கலுக்கு ஆதாயம். அதோடு, பேராசை எல்லா மாதமும் இருப்பது. விலை இறங்கும் மாதங்களில் அது எங்கே போகிறது?

கோழிக்கு அந்தக் குற்றச்சாட்டு இன்னும் பொருந்தாது. உக்ரேன் போரால் தீவன விலை ஏறியது, மலேசியா 2022 ஜூன் 1 முதல் கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. இங்கே கோழி வியாபாரிகள் பலர் கடையையே அடைத்தார்கள். லாபம் அடிப்பவர் கடையை அடைப்பாரா?

"பொருள், சேவை வரி ஒவ்வொரு முறையும் ஒரு விழுக்காடுதானே கூடியது, விலை ஏன் அதைவிட ஏறியது?" என்ற வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. வரி 2023இல் 8, 2024இல் 9 விழுக்காடானது. அதைச் சாக்கிட்டு விலையேற்றுவோர் மீதான புகார்களைக் கவனிக்க 2022இல் அரசே ஒரு குழு அமைத்தது. ஆனால் 2022இல் மின்கட்டணமும் ஏறியிருந்தது. வரியை மட்டும் வைத்து விலையை அளக்க முடியாது.

உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இறக்குமதி செய்யும் ஊர் நம்முடையது. கோபத்தைக் காய்கறிக்கடைப் பெண்மணியிடம் காட்டாதீர்கள். எத்தனை நாடுகளிலிருந்து வாங்குகிறோம், எவ்வளவு கையிருப்பு வைக்கிறோம், ஏழைக் குடும்பத்துக்கு உதவி எவ்வளவு விரைவாகப் போய்ச் சேருகிறது என்று ஆட்சியில் இருப்பவர்களைக் கேளுங்கள்.