இறுகிப்போன தூண்டில் கம்பும் நம்ம அவசரமும்

போன பொங்கல். காணும் பொங்கல் அன்னிக்கு, எங்க பக்கம் கரிநாள்னு சொல்லுவோம், எங்க அக்கா மகன் சென்னையில இருந்து ரெண்டு கூட்டாளிகளோட கார்ல வந்து இறங்கினான். கையில புதுத் தூண்டில் கம்பு. மூடி வச்சா ஒண்ணரை அடி, இழுத்து நீட்டினா ஏழு எட்டு அடி. ஆன்லைன்ல அறுநூறு ரூபாயாம். எனக்கும் பாக்க ஆசையாத்தான் இருந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில கண்மாய் ஓரளவு நிறைஞ்சு கிடந்தது. குத்தகைக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு கரையில உக்காந்தோம். மத்தியானத்துக்குள்ள அஞ்சாறு ஜிலேபிக் கெண்டை, ஒரு கெளுத்தி. நல்ல பொழுதுதான்.

கிளம்புறப்பதான் வம்பு வந்தது. கம்பு மடங்க மாட்டேங்குது. நடுவுல ரெண்டு கணு இறுகிப் போச்சு. அவன் இழுத்தான், முறுக்கினான். பிடிக்க வசமா இருக்குன்னு நரம்பு போற வளையத்தைப் பிடிச்சுத் திருகினான், வளையம் பிடுங்கிக்கிட்டு வந்துருச்சு. ஒரு கூட்டாளி லைட்டரைப் பத்த வச்சு கணுவுல காட்டினான். இன்னொருத்தன் எங்க மோட்டார் ரூமுக்கு ஓடிப்போய் கட்டிங் பிளேயரை எடுத்துட்டு வந்தான். நான் வேணாம்னு கத்துறதுக்குள்ள 'படக்'குனு ஒரு சத்தம். கம்பு நீளவாக்குல பிளந்து போச்சு.

"விடுங்க மாமா, சைனா சரக்கு. இன்னொன்னு ஆர்டர் போட்டுக்கிறேன்"னு சொல்லி அதைக் கருவேலம் புதருக்குள்ள வீசிட்டு காரெடுத்துட்டுப் போயிட்டான்.

இதுல எனக்கு ரெண்டு வழக்கு இருக்கு. ஒண்ணு, அந்தக் கம்பு மட்டமான சரக்கு இல்லை. ரெண்டு, அந்தக் கதை அன்னிக்கோட முடியலை. மாசி மாசம் ஆடு பத்திக்கிட்டுப் போன எம் பொஞ்சாதி குதிகால்ல அந்தக் கம்போட சிலும்பு ஏறிடுச்சு. கண்ணாடி நாரு அது. முள்ளா இருந்தா கண்ணுக்குத் தெரியும், ஊசியால நோண்டி எடுத்துரலாம். இது தெரியவும் தெரியாது, தொட்டா உள்ளுக்குள்ளயே ஒடியும். சீழ் வச்சு, ஆஸ்பத்திரியில கீறி எடுத்தாங்க. பருத்தி வெடிச்சு நிக்கிற நேரத்துல பத்து நாள் அவ காட்டுக்குப் போகலை. அறுநூறு ரூபாயோட போச்சுன்னு நினைச்ச மாப்ளைக்கு இந்தக் கணக்கு தெரியாது. அதனாலதான் எழுதுறேன்.

முதல்ல கம்பு ஏன் இறுகுதுன்னு பாப்போம். இழுத்து நீட்டுற கம்புல மரையும் கிடையாது, ஆணியும் கிடையாது. ஒவ்வொரு துண்டும் அடி பெருத்து நுனி சிறுத்த குழாய். உள்குழாயோட அடி, வெளிக்குழாயோட வாயை விடப் பெருசு. அதனால இழுக்க இழுக்க ஆப்பு மாதிரி இறுகி நிக்கும். அதாவது இறுகுறதுதான் அந்தக் கம்போட வேலையே. இறுகலைன்னா மீன் இழுக்கிறப்ப கம்பு உள்ள போயிரும். சாட்டையை வீசுற மாதிரி 'விசுக்'குனு உதறி நீட்டினா, ஆப்பைச் சம்மட்டியால அடிச்ச கணக்குத்தான். எம் மருமகன் அப்படித்தான் நீட்டினான். பாக்க ஸ்டைலா இருந்தது.

அது பாதிக் காரணம். மீதிப் பாதி எங்க மண்ணு. மெரினா மணல்ல கம்பை வச்சா தட்டினா உதிரும். இது கரிசல். ஈரத்துல பசை, காய்ஞ்சா கல்லு. சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் மழை பெஞ்ச அன்னிக்கு செருப்போட நடந்து பாருங்க, பத்து எட்டு வைக்கிறதுக்குள்ள ஆளுக்கு அரைச் சாண் உயரம் கூடியிருக்கும். அந்தச் சேத்துல கம்பைச் சாத்தி வச்சு, ஈரக்கையோட பிடிச்சு, கலங்கல் தண்ணி கணுவுல இறங்கி, மத்தியான வெயில்ல காய்ஞ்சா என்னாகும்? ரெண்டு குழாய்க்கும் நடுவுல சாந்து வச்சுப் பூசின மாதிரிதான். இதுல சைனாக்காரன் செஞ்ச தப்பு என்ன?

இப்ப அந்த லைட்டர் சங்கதிக்கு வாரேன். பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போறவங்க வாசல்லயே தீப்பெட்டியை வெளிய வச்சுட்டுப் போற ஊரு இது. இங்க வந்து எதுக்கெடுத்தாலும் லைட்டரைத் தட்டுறதைப் பாத்தாலே எங்களுக்கு வயித்தைக் கலக்கும். அதை விடுங்க. சூடு காட்டினா கழலும்கிற எண்ணம் எங்கயிருந்து வந்தது? அந்தக் காலத்துல வெள்ளைக்காரன் மூங்கிலைச் சீவி ஒட்டிச் செஞ்ச கம்புகள்ல, உலக்கைக்குப் பூண் போடுற மாதிரி, இணைப்புல பித்தளைப் பூண் இருக்கும். உலோகம் சூட்டுல விரியும். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுறதைப் பாத்தவங்களுக்கு இது புரியும். பட்டாவைப் பழுக்கக் காய்ச்சி மாட்டித் தண்ணி ஊத்துவாங்க, சுருங்கிக் கவ்விக்கிடும். அதே கணக்குல, வெளிப்பூணுக்கு இளஞ்சூடு, உள்பூணுக்குக் குளிர்ச்சின்னா கழலும். சரிதான். ஆனா ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் கண்ணாடி நார்க் கம்பு வந்தது, 1970-கள்ல கார்பன் வந்தது. ரெண்டுமே நாரைப் பிசின்ல தோய்ச்சு இறுக வச்சது. சூட்டுல உலோகம் மாதிரி விரியாது. நெருப்புல காட்டினா பிசின் இளகி, அந்த இடமே சொத்தையாயிரும். அன்னிக்கு ஒடியலைன்னாலும் அடுத்த பெரிய மீனுக்கு ஒடியும். கம்பு மாறிப்போச்சு, வைத்தியம் மாறலை.

பிளேயரும் அப்படித்தான். உள்ள பொள்ளலா இருக்கிற மெல்லிசுக் குழாய் அது. முட்டையை இடுக்கியால பிடிச்சா என்னாகுமோ அதான் ஆகும். பல்லு பதிஞ்ச இடத்துல இருந்து கீறல் நீளமா ஓடும்.

சரி, என்னதான் செய்யணும்? இதுக்குப் பெரிய படிப்பு வேணாம். நான் பன்னிரண்டாப்போட நின்னவன்.

நீட்டினபடியே இறுகிட்டா, முதல்ல ஈரமும் மண்ணும் போகணும். சோப்புத் தண்ணியைத் துணியில நனைச்சு கணுவைச் சுத்திக் கட்டி ஒரு மணி நேரம் விடுங்க. அப்புறம் துடைச்சுக் காய விட்டு, பழைய சைக்கிள் டியூப்பை ரெண்டு துண்டா வெட்டி, கணுவுக்கு மேல ஒண்ணு, கீழ ஒண்ணு சுத்திக்கோங்க. கணுவுக்கு நாலு விரக்கடை தள்ளி, ரெண்டு கையும் கிட்டக்கிட்ட இருக்கணும். தூரத்துல பிடிச்சா கம்பு வளையும், வளைஞ்சா இன்னும் இறுகும், இல்லாட்டி ஒடியும். ஒரு கையை இப்படி, ஒரு கையை அப்படி, கொஞ்சமா முறுக்கி, நேரா உள்ள தள்ளுங்க. வளையத்துல மட்டும் கை வைக்காதீங்க. அசையலையா? கம்பைச் செங்குத்தாப் பிடிச்சு, அடிப்பக்கத்தை ஒரு மரப்பலகை மேல நேரா 'டொக் டொக்'குனு தட்டுங்க. உள்குழாயோட கனமே அதை இறக்கி விட்ரும். கருங்கல்லு மேல தட்டாதீங்க. மூடினபடி வெளிய வராம சிக்கிட்டா, அடியில இருக்கிற மூடியைக் கழட்டி, துண்டுகளைக் கீழ்ப்பக்கமா ஒண்ணொண்ணா உருவி, கழுவிக் காய வச்சுப் போடுங்க. எடுத்த வரிசை மாறிரக் கூடாது.

ரெண்டு துண்டைச் சொருகுற கம்புன்னா தள்ளக் கூடாது, நேரா இழுக்கணும். ரெண்டு பேர் இருந்தா எதிரெதிரா நின்னு, கணுவுக்கு ரெண்டு பக்கமும் ஆளுக்கு ஒவ்வொரு கை வச்சு, சேந்தாப்புல இழுக்கலாம். தனி ஆளா இருந்தா கம்பை முழங்காலுக்குப் பின்னால வச்சு, முழங்காலுக்கு வெளிப்பக்கம் ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, காலை மெதுவா அகட்டுங்க. கை பலத்தை விட தொடை பலம் பெருசு, சீராவும் வரும். வெடுக்குனு இழுக்காதீங்க. கழண்டு வாரப்ப நுனி கண்ணுல குத்தும்.

இதெல்லாம் அரை மணி, ஒரு மணி நேர வேலை. அந்த அரை மணி நேரம்தான் நம்மகிட்ட இல்லை.

வராம பாத்துக்கிறது இன்னும் சுலபம். நீட்டுறப்ப நுனித் துண்டுல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா, நிக்கிற அளவுக்கு மட்டும் இழுங்க. மடக்குறப்ப அடித் துண்டுல ஆரம்பிங்க. ஒவ்வொரு துண்டையும் உள்ள விடுறதுக்கு முன்னால ஈரத்துணியால ஒரு தடவை, காய்ஞ்ச துணியால ஒரு தடவை துடைங்க. கம்பைச் சேத்துல சாத்தாதீங்க, ஒரு கவட்டைக் குச்சி நட்டு அதுல வைங்க. வீட்டுக்குப் போனதும் நல்ல தண்ணியில கழுவி, நீட்டி வச்சு நிழல்ல காய விடுங்க. சொருகுற கம்புக்கு மெழுகுவத்தியை கணுவுல லேசாத் தேய்ச்சா போதும். எண்ணெய் வேணாம். எண்ணெய் அன்னிக்கு வழுக்கும், மறுநாள் கரைத் தூசி பூராவும் அதுல ஒட்டும்.

எங்க பக்கம் பொம்பளைங்க வீட்டுத் திண்ணையில உக்காந்து பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டுவாங்க. கம்பியில தாளைச் சுத்தி, பசை தடவி, உருட்டி உருவணும். பசை மொத சுத்துல பட்டுட்டா குழாய் கம்பியோட ஒட்டிக்கிடும், உருவ வராது. அதனால மொத சுத்துல பசை படாம பாத்துக்கிறதுதான் கைவேலை. ஒட்டினதுக்கு அப்புறம் இழுக்கிறது வேலையில்லை. மருந்து செலுத்துற அறையில இது இன்னும் கண்டிப்பு. இடிக்காதே, தேய்க்காதே, அவசரப்படாதே. அங்க ஒரு உராய்வுக்கு என்ன விலைன்னு இந்த வட்டாரத்துல ஊர் ஊருக்குத் தெரியும். இறுகினதை பலத்தால ஜெயிக்க முடியாதுங்கிறது எங்களுக்கு யாரும் புத்தகத்துல சொல்லிக் கொடுத்தது இல்லை.

"அறுநூறு ரூபாக் கம்புக்கு இவ்வளவு பேச்சா மாமா"ன்னு மருமகன் போன்ல கேட்டான். நியாயமான கேள்வி. அவனுக்கு ஒரு மணி நேரத்தோட மதிப்பு அறுநூறை விட அதிகமா இருக்கலாம். ஆனா உடைஞ்சது அவன் கம்பு, கிடந்தது எங்க கரை. போன கோடையில தண்ணி வத்தினப்ப நடந்து பாத்தேன். ஒடிஞ்ச கம்புத் துண்டு, சிக்கலெடுக்காம அறுத்துப் போட்ட தங்கூசி நரம்பு, முள்ளோட. கொக்கு காலைச் சுத்திக் கிடந்ததை ஒரு தடவை நானே அறுத்து விட்டேன். அதே கரையிலதான் ஆடு மேயுது, பிள்ளைங்க வெறுங்கால்ல ஓடுது. நீங்க மிச்சம் பிடிச்ச அரை மணி நேரத்தை, எங்க வீட்டுப் பொம்பளை பத்து நாளாக் கட்டுனா.

நான் ஒண்ணும் 'மூங்கில் கம்புதான் சாமி, மத்ததெல்லாம் சாத்தான்'னு சொல்ற ஆளு இல்லை. மூங்கில் இறுகாது, நிசந்தான். ஆனா பத்தடி மூங்கிலை சாத்தூர் பஸ்ல ஏத்திப் பாருங்க, கண்டக்டர் என்ன சொல்றார்னு. மாசிக் கடைசியில மதுரைப் பையன் ஒருத்தன் இதே மாதிரி இறுகின கம்பைத் தூக்கிப் போடப் போனான். "தம்பி, கொஞ்சம் குடு"ன்னு வாங்கி, சோப்புத் தண்ணி, சைக்கிள் டியூப், பலகை. முக்கால் மணி நேரத்துல கழண்டது. அவனுக்கே ஆச்சரியம். "நீங்களே வச்சுக்கோங்க ஐயா"ன்னு கொடுத்துட்டான். இன்னிக்கு வரைக்கும் அதுலதான் பிடிக்கிறேன். அதுவும் அதே 'மட்டமான' சரக்குதான்.

ஒண்ணு மட்டும் கூடச் சொல்லிக்கிறேன். கார்பன் கம்புல கரண்டு பாயும். எங்க கண்மாய்க் கரையில பல இடத்துல மோட்டாருக்குப் போற லைன் தலைக்கு மேலயே ஓடுது. நீட்டின கம்போட அதுக்கு அடியில நடக்காதீங்க. இடி மின்னல்னா கம்பைக் கீழ போட்டுட்டு ஒதுங்கிருங்க.

வாங்க, தாராளமா வாங்க. குத்தகைக்காரர்கிட்ட கேட்டுட்டு மீன் பிடிங்க. இருக்கிறதைக் குழம்பு வச்சுத் தாரோம். கம்பு இறுகினா எங்க வீட்டுக்கு எடுத்துட்டு வாங்க, டியூப்பும் பலகையும் மோட்டார் ரூம்லதான் இருக்கு. முடியலை, ஒடிஞ்சே போச்சுன்னா, எல்லாத் துண்டையும் பொறுக்கி, துணியில சுத்தி, உங்க கார்லயே எடுத்துட்டுப் போங்க. கொண்டு வந்தப்ப ஒண்ணரை அடிதானே இருந்தது, திரும்பிப் போறப்பவும் அதுக்கு இடம் இருக்கும்.