சுவருக்கு மிஷின், குழிக்கு மனுசன்

வீட்டுச் சுவரைக் கழுவுவது இன்றைக்கு ஒரு தொழில். சும்மா தொழில் இல்லை, 'புரொபஷனல்' தொழில். பெரிய நகரங்களில் இதற்கென்றே கம்பெனி, சதுர அடிக்கு இவ்வளவு என்று ரேட்டு எல்லாம் வந்தாயிற்று. நம்ம அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கமும் பெயிண்ட் அடிக்கும் முன்னே சுவரைக் கழுவ, முகப்பு டைல்ஸைக் கழுவ, வாசல் கல்லைக் கழுவ என்று மிஷின் வர ஆரம்பித்திருக்கிறது. வண்டி கழுவுகிற வாட்டர் சர்வீஸில் பார்த்திருப்பீர்கள், அதே சாமான்தான். ஒரு மோட்டார், ஒரு பம்பு, தடித்த ஓஸ், துப்பாக்கி மாதிரி ஒரு பிடி. லாரி டயருக்கு அடிக்கிற காற்று எட்டு 'பார்' அழுத்தம் என்றால் இந்த மிஷின் நூறு, நூற்றைம்பது பாரில் தண்ணியைப் பீய்ச்சும். முனையில் மாட்டுகிற மூக்குக்குக் கலர் உண்டு. வெள்ளை மூக்கு தண்ணியை விசிறி மாதிரி விரிக்கும். சிவப்பு மூக்கு ஊசி மாதிரி குத்தும், கை குறுக்கே போனால் தோலைக் கிழித்துக்கொண்டு உள்ளே இறங்கிவிடும்.

இந்த வேகத்தில் சுவர்ப் பூச்சு பெயர்கிறது, பெயிண்ட் உரிகிறது என்று தெரிந்ததும் 'சாஃப்ட் வாஷ்' என்று இன்னொன்று கண்டுபிடித்தார்கள். சோடியம் ஹைப்போகுளோரைட் என்கிற பிளீச்சிங் திரவத்தில் சோப்பு கலந்து, மெதுவாகத் தெளித்து, பத்துப் பதினைந்து நிமிசம் ஊறவிட்டு, பாசி செத்ததும் மெல்ல அலசி விடுவது. சுவருக்கு நோகக் கூடாதாம். சரி, சந்தோசம். சுவர் மேலாவது அந்த அக்கறை வந்ததே. அந்தச் சுவருக்குப் பத்தடி பின்னால், கொல்லையில் ஒரு சிமெண்ட் மூடி இருக்கிறது. அதைத் திறந்து உள்ளே இறங்குகிறவனுக்கு நோகுமா என்று கேட்க மட்டும் எந்தப் புரொபஷனலும் இன்னும் பிறக்கவில்லை.

முதலில் தண்ணிக் கணக்கைப் பார்ப்போம். சின்ன மிஷினே நிமிசத்துக்கு ஏழெட்டு லிட்டர் தின்னும். எட்டு என்று வைத்தால் மணிக்கு 480 லிட்டர். ஒரு மாடி வீட்டை நாலு பக்கமும் கழுவ நாலு மணி நேரம் பிடித்தால் 1920 லிட்டர். பதினைந்து லிட்டர் பிளாஸ்டிக் குடத்தில் 128 குடம். கிராமத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்டம் வைத்திருக்கிற அளவு. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு 275 லிட்டர். ஆக, ஒரு வீட்டுச் சுவர் அரை நாளில் குடித்தது ஒரு குடும்பத்தின் ஏழு நாள் தண்ணி. 'ஓஸைத் திறந்துவிட்டுக் கழுவினால் இதைவிட அதிகம் போகுமே, மிஷினில் மிச்சம்தானே' என்று மிஷின்காரர் சொல்வார். அவர் சொல்வது சரிதான். ஆனால் ஓஸ் வைத்துச் சுவர் கழுவின வீடு இந்தக் கரிசக்காட்டில் எத்தனை இருந்தது? இல்லாத செலவை உண்டாக்கிவிட்டு அதில் மிச்சம் காட்டுவது வியாபாரக் கணக்கு.

'போர் தண்ணிதானப்பா, அதை யாரு குடிக்கப் போறா' என்று ஒரு சமாதானம் சொல்வாக. இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. நம்ம மண்ணில் தோண்டின இடத்திலெல்லாம் நல்ல தண்ணி வந்துவிடாது. பல இடத்தில் உப்பு, தப்பினால் சவர். உப்புத் தண்ணியில் கழுவின சுவர் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாய்ப் பூக்கும், டைல்ஸில் திட்டுத் திட்டாய்ப் படியும். அப்புறம் கழுவின காசு எதற்கு? எனவே கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணி தேவைப்படுகிறது. அருப்புக்கோட்டைக்கு நல்ல தண்ணி தாமிரபரணியிலிருந்தும் வைகையிலிருந்தும் குழாயில் வந்தாக வேண்டும். வராத நாளில் குடத்துக்கு இவ்வளவு என்று வண்டிக்காரரிடம் காசு கொடுத்து வாங்குகிற ஊர் இது. குழாயின் கடைக்கோடியில் எந்தத் தெரு இருக்கும், முதல் திருப்பத்தில் எந்தத் தெரு இருக்கும் என்று இந்தப் பத்திரிகை வாசிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தத் தொழிலுக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் 'எக்ஸ்டீரியர் கிளீனிங்'. வெளிப்புறச் சுத்தம். இந்த எக்ஸ்டீரியர் என்ற சொல் நமக்குப் புதுசு இல்லை. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஜே.எச். ஹட்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி நமக்கு வைத்த பெயரே 'எக்ஸ்டீரியர் காஸ்ட்ஸ்', வெளிப்புறச் சாதிகள். அந்த மனுசன் எழுதி வைத்ததில் நம்ம ஜில்லாச் சங்கதியும் இருக்கிறது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடருக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். மீறினவர்களின் குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள், ஆடுமாடுகளைக் கொள்ளையடித்தார்கள். அது போதாதென்று 1931 ஜூனில் பதினோரு தடைகள். பொன், வெள்ளி போடக் கூடாது. முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக் கூடாது. குடை, செருப்பு கூடாது. பெண்கள் தண்ணி சுமக்க மண்பானைதான், செம்பும் பித்தளையும் ஆகாது. தலையில் வைக்கிற சும்மாடு துணியில் இருக்கக் கூடாது, வைக்கோலில்தான் இருக்க வேண்டும். சும்மாட்டுக்குத் துணி கூடாது என்று உட்கார்ந்து யோசித்துச் சட்டம் போட்டிருக்கிறான் பாருங்கள்! அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அன்றைக்கு அந்த ஜில்லாவுக்குள்தான் இருந்தன. 1985இல்தான் மாவட்டம் பிரிந்தது.

அந்த வெளிப்புறத்தை அன்றைக்கு யார் சுத்தம் செய்தார்கள்? பொங்கலுக்கு முந்தி ஊர் வீடுகளுக்கு வெள்ளை அடிக்கப் போனவர்களில் நம் ஆட்களும் உண்டு. சுட்ட சுண்ணாம்புக்கல்லைத் தண்ணியில் போட்டால் கொதிக்கும். ஆறவிட்டு, வடிகட்டி, ஒரு சிட்டிகை நீலம் போட்டு, நார் மட்டையால் அடிக்க வேண்டும். விரலிடுக்கெல்லாம் வெந்து போகும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. சுண்ணாம்பு தானே பாசியைக் கொல்லும், பூச்சியைக் கொல்லும். வருசத்துக்கு ஒருமுறை அடித்தால் போதும், கழுவுகிற வேலையே கிடையாது. சுவரைத் தொடலாம், சுவருக்கு உள்ளே போகக் கூடாது. தாகம் எடுத்தால் வாசலில் குனிந்து இரண்டு கையையும் ஏந்த வேண்டும், எட்ட நின்று மேலிருந்து ஊற்றுவாக. பளிச்சென்று வெள்ளை அடித்துக் கொடுத்தவன் கையில் அந்த வீட்டுச் செம்பு படக் கூடாது. இன்றைக்கு அதே சுண்ணாம்புக்கல்லைப் பந்தல்குடிப் பக்கம் வெட்டிச் சிமெண்டுக்குக் கொண்டு போகிறார்கள். சிமெண்ட் சுவர் வந்தது, எமல்சன் பெயிண்ட் வந்தது, முகப்புக்கு டைல்ஸ் வந்தது. எல்லாம் வந்த பிறகு கழுவுகிற வேலையும் வந்தது.

கழுவுவதில் இவர்களுக்கு இன்னொரு பழக்கமும் இருக்கிறது. 1927 மார்ச் 20 அன்று மகாத்தில் அண்ணல் அம்பேத்கரும் மக்களும் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணி குடித்தார்கள். சாதி இந்துக்கள் பின்னாடியே சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்து 108 பானையில் ஊற்றிக் குளத்தைக் 'கழுவினார்கள்'. தண்ணியையே கழுவின ஆட்கள்! 1978இல் காசியில் ஜெகஜீவன்ராம் ஒரு சிலையைத் திறந்து வைத்தார். அப்போது அவர் இந்த நாட்டின் ராணுவ அமைச்சர். அவர் திரும்பிப் போனதும் அந்தச் சிலையைக் கங்கைத் தண்ணி ஊற்றிக் கழுவினார்கள். நாம் தொட்டதைக் கழுவுவதற்கு அவர்களே வருவார்கள், கூப்பிட வேண்டியதில்லை. அவர்கள் அசிங்கம் பண்ணினதைக் கழுவத்தான் ஆள் வேண்டும்.

இப்போது அந்தக் கொல்லைக்கு வருவோம். சுவர் கழுவுகிற மிஷினின் உயிர் எது? உயரழுத்தத் தண்ணி. சாக்கடைக் குழாயில் அடைப்பெடுக்கிற ஜெட்டிங் வண்டியின் உயிரும் அதே உயரழுத்தத் தண்ணிதான். பம்பு பெரிசு, ஓஸ் நீளம், தத்துவம் ஒன்று. செப்டிக் டேங்கில் என்ன நடக்கிறது? உறிஞ்சுகிற லாரி வருகிறது, மேலே இருக்கிற தண்ணியை இழுக்கிறது. வருசக்கணக்காய் அடியில் இறுகிக் கிடக்கிற கசடு குழாயில் ஏறாது. அப்போதுதான் வீட்டுக்காரர், 'கொஞ்சம் இறங்கிக் கலக்கி விடுப்பா, மேல போட்டுத் தாரேன்' என்பார். உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு தேங்கி நிற்கிறது. நாலு மூச்சு இழுத்தால் மயக்கம். தூக்கப் போகிற இரண்டாவது ஆளும் அதே குழியில் விழுவான். அந்த இறுகின கசட்டைக் கரைக்க ஒருத்தரும் இறங்க வேண்டாம், மேலே நின்றுகொண்டு ஜெட்டில் தண்ணி பீய்ச்சினாலே கரையும். முகப்பு டைல்ஸின் கறைக்குப் பீய்ச்சுகிறீர்களே, அதே ஜெட். அது ஏன் வீட்டின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்குப் போய்ச் சேரவில்லை? காசில்லாமலா? முன்பக்கத்தை ஊர் பார்க்கிறது. பின்பக்கத்துக்கு மலிவாய் இறங்க ஆள் கிடைக்கிறது. அந்த ஆள் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்று எல்லோருக்கும் தெரியும். இதற்குப் பெயர் தொழில்நுட்பப் பற்றாக்குறையா, சாதியா?

இயந்திரம் இந்த வறண்ட பூமிக்கு வராது, கட்டுபடி ஆகாது என்று யாராவது சொன்னால் கமுதிக்குக் கூட்டிப் போங்கள். திருச்சுழிக்குப் பக்கத்துத் தாலுகாதான். 2016இல் அங்கே 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. ஏறக்குறைய 25 லட்சம் கண்ணாடிப் பலகை. அவற்றின் மேல் படிகிற தூசியைத் துடைக்க ரோபோ வைத்திருக்கிறார்கள். கண்ணாடியில் தூசி படிந்தால் கரண்டு குறையும், கரண்டு குறைந்தால் காசு குறையும், அதனால் ரோபோ ஓடுகிறது. குழிக்குள் ஒரு உயிர் குறைந்தால் யாருக்கு என்ன குறைகிறது?

சட்டம் இல்லாமல் இல்லை. 1993இல் ஒன்று, 2013இல் ஒன்று. 2013 சட்டப்படி மலக்குழியில், சாக்கடையில் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கினால் முதல் தடவைக்கே இரண்டு வருசம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். 2014இல் உச்ச நீதிமன்றம் செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்றது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது. 1993க்குப் பிறகு நடந்த சாவுகளை மாநிலவாரியாக எண்ணி நாடாளுமன்றத்தில் வைத்த கணக்கில் முதலிடம் எது? சமூக நீதி மண் என்று மேடைக்கு மேடை சொல்லிக்கொள்கிற தமிழ்நாடு. 2017இல் தோழர் திவ்யபாரதி 'கக்கூஸ்' ஆவணப்படத்தில் இதையெல்லாம் காட்டினார். அன்றைய அரசு குழியை மூடுவதற்குப் பதிலாகப் படத்தைத் திரையிட விடாமல் தடுத்தது.

நம் தோழர்களிலேயே சிலர் வேறொரு வழி சொல்கிறார்கள். மிஷினை நம் பையன்கள் கையில் கொடுத்துவிட்டால் கூலி முதலாளி ஆகிவிடுவான், பிரச்சினை தீர்ந்தது என்கிறார்கள். 2017இல் ஐதராபாத்தில் சின்ன ஜெட்டிங் வண்டிகளை இப்படிக் கொடுத்தார்கள். 2024 டிசம்பர் 6 அன்று சென்னையில் தூய்மைப் பணியாளர்கள் 213 பேருக்கு வண்டி கொடுத்தார்கள். ஒருத்தனும் குழிக்குள் இறங்காமல் இருக்கிற அளவுக்கு இது நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மிஷினுக்குப் பிறகும் கழுவுகிறவன் நாமாகவே இருக்க வேண்டும் என்பதில் எவ்வளவு அக்கறை! ஸ்பின்னிங் மில் வைக்க, காளவாசல் வைக்க, நாலு பஸ் விட நம் பையனுக்குக் கடன் கேட்டால் ஜாமீன் எங்கே என்கிற பேங்கு, கழுவுகிற வண்டி என்றதும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுகிறது. தாட்கோவுக்குப் போகிற இளைஞர்கள் இதை யோசிக்க வேண்டும். சுவர் கழுவுகிற மிஷினை எல்லாச் சாதிப் பையனும் பிடிக்கட்டும், நாமும் பிடிப்போம். ஆனால் புரொபஷனல் ரேட்டில் பிடிப்போம், கூலி ரேட்டில் வேண்டாம்.

பிடிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கம்பெனிக்காரன் சொல்ல மாட்டான். பிளீச்சிங் ஊற்றின இடத்தில் சிமெண்ட் கறைக்கு என்று ஆசிட்டை ஊற்றிவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், நெஞ்சைப் பிடிக்கும். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் பூட்சும் இல்லாமல் துப்பாக்கியைத் தொட மாட்டோம் என்று சொல்லுங்கள். ஏணி மேல் நின்று பீய்ச்சினால் தண்ணி உங்களைப் பின்னால் தள்ளும், தரையில் நின்று நீளக் குழாயில் அடியுங்கள். தாகம் எடுத்தால் அந்த வீட்டு டம்ளரில் தண்ணி கேளுங்கள். பிளாஸ்டிக் கப்பில் கொடுத்தால் ஏன் என்று கேளுங்கள்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. அருப்புக்கோட்டை நகராட்சி, திருச்சுழி ஊராட்சி ஒன்றியம் இரண்டுக்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். உங்களிடம் ஜெட்டிங் வண்டி எத்தனை, உறிஞ்சு வண்டி எத்தனை, எந்த வருசம் வாங்கியது, போன வருசம் எத்தனை நாள் ஓடியது, எந்தத் தெருவுக்குப் போனது, லாக் புக்கின் நகல் வேண்டும். 2013 சட்டத்தில் இதுவரை எத்தனை பேர் மேல் வழக்குப் போட்டிருக்கிறீர்கள் என்று காவல்துறைக்குத் தனியாக ஒரு மனு. கட்டணம் பத்து ரூபாய், முப்பது நாளில் பதில் தர வேண்டும். பதில் வந்ததும் அதை ஆபீசிலேயே வைத்துவிட்டு வராமல் நம் தெருவுக்குக் கொண்டுவந்து, சாயங்காலம் தண்ணிக்கு வரிசையில் நிற்கிற பெண்களிடம் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.