ஆப் இலவசம்தான்... வியாபாரத்துக்கும் இலவசமா?

வீட்டிலேயே இட்லிப்பொடி, பருப்புப்பொடி அரைத்து விற்கிறீர்களா? பாக்கெட்டில் ஒட்டும் லேபிள் முதல் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வரை எல்லாமே இன்று மொபைலில், காசு செலவில்லாமல் முடிந்துவிடுகிறது. ஆனால், பேத்தியின் பிறந்தநாளுக்கு வாழ்த்து அட்டை செய்வதும், விற்பனைக்கு லேபிள் அடிப்பதும் ஒன்றல்ல. பல ஆப்கள் 'சொந்த உபயோகத்துக்கு மட்டும்' என்ற நிபந்தனையோடுதான் இலவசமாகக் கிடைக்கின்றன. தொழிலில் இறங்கும் முன் இவற்றைக் கொஞ்சம் கவனியுங்கள்.

படம்: கூகுளில் தேடினால் வரும் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு உரிமையாளர் உண்டு. 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, தெரிந்தே அந்த உரிமையை மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டுகள் வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் விதிக்கலாம். உங்கள் பொடியை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து நீங்களே எடுக்கும் படத்துக்கு இந்தத் தொல்லையே இல்லை.

எழுத்துரு: ஃபான்ட்டுக்கும் லைசென்ஸ் உண்டு. கூகுள் ஃபான்ட்ஸில் உள்ள 'நோட்டோ சான்ஸ் தமிழ்', 'முக்தா மலர்' போன்றவற்றைத் தொழிலுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

லோகோ: கேன்வா போன்ற ஆப்களில் ரெடிமேடாக இருக்கும் படங்களை வைத்து லோகோ செய்தால், அதே படத்தைப் பக்கத்துத் தெரு கடைக்காரரும் பயன்படுத்தலாம். அதை டிரேட்மார்க்காகப் பதிவு செய்வதும் சிக்கல். எளிமையாக இருந்தாலும் சொந்தமாக வரைந்ததே நல்லது.

பாட்டு: விளம்பர ரீல்ஸுக்கு சினிமா பாட்டு வேண்டாமே! தொழிலுக்கும் பயன்படுத்தக்கூடிய இசை, 'மெட்டா சவுண்ட் கலெக்‌ஷன்' பகுதியில் இலவசமாகவே இருக்கிறது.

அடுத்தது, அந்தரங்கம். போட்டோ எடிட் செய்யும் ஆப்புக்கு உங்கள் கான்டாக்ட்ஸ் எதற்கு? அதில் இருப்பது உங்களை நம்பி எண் கொடுத்த வாடிக்கையாளர்கள் ஆயிற்றே! செட்டிங்ஸில் போய் அந்த அனுமதியை நிறுத்திவிடுங்கள். ஆதாரையும் பாஸ்புக்கையும் முன்பின் தெரியாத 'இலவச பிடிஎஃப்' தளங்களில் ஏற்றாதீர்கள். ஆதார் நகல் கேட்கும் இடங்களில், கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' ஏற்கப்படுமா என்று கேளுங்கள். ஆதார் இணையதளத்திலேயே அதை டவுன்லோடு செய்யலாம்.

ஏஐ சாட்பாட்டில் வாடிக்கையாளர் பட்டியலையோ, பாட்டி சொல்லித்தந்த பொடி அளவையோ அப்படியே போடுவதும் ஆபத்து. 2023-ல் சாம்சங் ஊழியர்கள் சிலர் நிறுவனத்தின் ரகசிய புரோகிராம் வரிகளை சாட்ஜிபிடியில் போட்டுவிட, அந்த நிறுவனம் இத்தகைய கருவிகளுக்கே தடை போட்டது. நாம் தருவதை ஏஐ பயிற்சிக்குப் பயன்படுத்தாமலிருக்க சாட்ஜிபிடி செட்டிங்ஸில் வழி உண்டு. அதை அணைத்து வையுங்கள்.

கடைசியாக ஒன்று. எந்தப் படம், ஃபான்ட், இசையை எடுத்தாலும், 'தொழிலுக்குப் பயன்படுத்தலாம்' என்று சொல்லும் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, தேதியோடு தனி ஃபோல்டரில் வையுங்கள். நாளை யாராவது கேள்வி கேட்டால், கையில் பதில் இருக்கும்!