யாருக்கு நாறுகிறது?

ஆலங்குளத்துப் பக்கம் கடல் கிடையாது. கரிசல் காடு, தீப்பெட்டி மருந்து, சிமெண்ட் தூசி, இவ்வளவுதான். இருந்தும் எங்கள் தெருவுக்குக் கடல் வந்துகொண்டுதான் இருந்தது. பச்சை மீன் வாங்குகிற அளவுக்குக் கூலி எவன் கொடுத்தான்? வெயிலில் காய்ந்து சாக்குமூட்டையில் சந்தைக்கு வந்து, படியில் அளந்து விற்கிற கூனியாக வந்தது.

கூனி என்றால் நகக்கண் அளவு இறால். வடமாவட்டத்தார் சென்னாக்குன்னி என்பார்கள். அதில்தான் எங்கம்மா வடை சுடுவா. பெண்கள் பத்திரிகைகளில் ‘பிஷ் கட்லெட்’ எத்தனையோ தடவை வந்தாச்சு. கூனி வடை வந்து நான் பார்த்ததில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன். இலக்கியப் பத்திரிகையில் சமையல் குறிப்பா என்று முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும்.

இரண்டு கை கூனியை எண்ணெய் விடாமல் சட்டியில் வறுத்து, முறத்தில் போட்டுத் தேய்த்துப் புடைத்தால் மீசையும் மணலும் போய்விடும். ஒரு டம்ளர் கடலைப்பருப்பு இரண்டு மணி நேரம் ஊறணும். தண்ணீரை ஒட்ட வடித்து, மிளகாய் வத்தல், சோம்பு சேர்த்து ஒண்ணும் பாதியுமாக ஆட்டணும். நைஸா ஆட்டினால் வடை கல்லு மாதிரி ஆயிரும். சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, கூனி போட்டுப் பிசையணும். உப்பு கடைசியில், நாக்கில் வைத்துப் பார்த்த பிறகு. கூனியிலேயே கடலுப்பு இருக்கு. உள்ளங்கையில் தட்டி, கடலெண்ணெயில் மிதமான தீயில் சுடணும். தீ கூடினால் கூனி கருகிக் கசக்கும், உள்ளே பருப்பு வேகாது.

சுடுகிறபோது வாசம் தெருக்கோடி வரை போகும். பிரச்சினையே அங்குதான்.

எம்.ஏ. முடித்து ராஜபாளையத்தில் வாடகைக்கு வீடு தேடினேன். “நீங்க என்ன ஆளுக?” என்று கேட்க இப்போதெல்லாம் கூச்சப்படுகிறார்கள். படித்தவர்களாச்சே! “கருவாடெல்லாம் பொரிப்பீகளாம்மா?” என்று கேட்டார் வீட்டுக்காரர். அவர் ஒன்றும் சைவமில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் அவர் வீட்டில் சீலா மீன் வறுவல். சீலா மணக்கிறது, கூனி நாறுகிறது. மூக்கு ஒன்றுதான், சட்டி யாருடையது என்பதைப் பார்த்து அது வேலை செய்கிறது. வீடு கிடைக்கவில்லை.

வங்காளத்தில் பிராமணர்களே மீன் தின்கிறார்கள். மீனை மசித்து உருட்டி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்து ‘மாச்சேர் சாப்’ என்று தேநீரோடு ருசிக்கிறார்கள். அங்கே கெடாத புனிதம் இங்கே ஒரு கை கூனியில் கெட்டுப்போகிறதாம்!

2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. உணவுக்கூடத்தில் சைவத்துக்குத் தனி வாசல், தனிக் கைகழுவும் தொட்டி என்று அறிவிப்பு ஒட்டினார்கள். எதிர்ப்புக் கிளம்பிய பிறகே எடுத்தார்கள். 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுவிட்டு வந்த மூதாட்டியை, நாற்றமடிக்கிறது என்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். ஊழியர்களைப் பணியிடைநீக்கம் செய்தார்கள், முதலமைச்சர் கண்டித்தார். சரி. பேருந்துக்குக் கேள்வி கேட்க ஆளுண்டு. வாடகை வீட்டுக்கு?

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். கொடுக்கட்டும், நானும் தின்கிறவள்தான். ஆனால் இந்த வட்டாரத்தின் ருசி என்று எழுதும்போது ஊரின் நாக்கை மட்டும் எழுதுகிறார்கள். சேரிக்கு நாக்கு இல்லையா?

நம் ஆட்களையும் விடுவதாயில்லை. அரசு வேலை கிடைத்துக் குடியிருப்புக்குப் போனவுடன் சன்னலைச் சாத்திக்கொண்டு கருவாடு பொரிக்கிறவர்கள் எத்தனை பேர்! அது ஒரு வகை. இன்னொரு வகை, ‘தலித் உணவு, கலக உணவு’ என்று மேடையில் முழங்குகிறவர்கள். எங்கம்மா கலகம் செய்யக் கூனி வாங்கவில்லை. களையெடுத்த கூலியில் அதுதான் வாங்க முடிந்தது. கிடைத்ததை ருசியாக்கியது அவள் கைவேலை. அந்தக் கெட்டிக்காரத்தனத்தைக் கொண்டாடுங்கள்; பச்சை மீன் வாங்க விடாத கூலியையும் சேர்த்துக் கொண்டாடிவிடாதீர்கள்.

போன கலைவிழாவில் கூனி வடைக் கடை போட்டார்கள். அடுப்படியில் நாங்கள் ஆறு பெண்கள், வேர்த்து ஊற்ற. அடுப்பின் பக்கம் எட்டிப் பார்க்காத தோழர்கள் உணவரசியல் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். அடுத்த விழாவுக்கு இரண்டு படி பருப்பை அவர்களே ஊறவைக்கட்டும். கூனி புடைக்க முறம் நான் தருகிறேன்.