வீட்டு விசேஷத்துல கோயிலுக்கு என்ன வேலை?



கொஞ்சம் நீளமான பதிவு. கோபம் வந்தாலும் கடைசி வரைக்கும் படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க.

ஆடித் திருவிழாக் கூட்டத்தில ஒருத்தர் கேட்டார்: "எங்க வீட்டு விசேஷத்தை நாங்க எப்படிச் செஞ்சா என்ன, கோயில் ஏன் தலையிடுது?" கேள்வி நியாயம்தான். பதிலையும் நியாயமாவே சொல்றோம்.

வெள்ளிக்கிழமை பூசைக்கு ஆள் இல்ல. தேவார வகுப்புக்குப் பிள்ளையை ஏத்திட்டு வர அப்பா இல்ல. கேட்டா ஓ.டி. ஞாயிற்றுக்கிழமையும் ஓ.டி. செனவாங், நீலாய் தொழிற்சாலைகள்ல வேலை செய்யற நம்ம பையன்களுக்கு ஓ.டி. இல்லாம வண்டி ஓடாதுன்னு எங்களுக்கும் தெரியும். அரிசிக்கும் ஸ்கூல் பஸ்ஸுக்கும் உழைக்கிறவனை நாங்க ஒரு வார்த்தை சொல்ல மாட்டோம். ஆனா எத்தனை பேரு போன வருஷத்து மண்டபக் கடனுக்கு உழைக்கிறாங்க? பிள்ளையோட முதல் பிறந்தநாளுக்கு ஒரு மண்டபம், மஞ்சள் நீராட்டுக்கு ஒரு மண்டபம், நிச்சயத்துக்கு ஒண்ணு, கல்யாணத்துக்கு அதைவிடப் பெருசா ஒண்ணு.

எங்கள்ல பாதிப் பேர் சூப்பர்வைசர், லைன் லீடர் வேலை. கணக்குப் போடறதுதான் எங்களுக்குத் தெரிஞ்ச ஒரே வித்தை. போட்டுக் காட்டறோம். 2025 பிப்ரவரியில இருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். 26 நாளாலயும் 8 மணி நேரத்தாலயும் வகுத்து ஒண்ணரை மடங்கு போட்டா, ஓ.டி. ஒரு மணி நேரத்துக்கு 12 வெள்ளி 26 காசு. மண்டபத்துல 500 பேர், தலைக்கு 20 வெள்ளின்னு குறைச்சே வச்சாலும் சாப்பாடு மட்டும் 10,000. அதை அடைக்க 815 மணி நேரத்துக்கு மேல வேணும். சட்டப்படி மாதத்துக்கு 104 மணி நேரம்தான் ஓ.டி. செய்யலாம். அந்த எல்லை வரைக்கும் உழைச்சாலும் ஏறக்குறைய எட்டு மாதம்! இதுல மண்டப வாடகை இல்ல, மேடை அலங்காரம் இல்ல, போட்டோக்காரர் இல்ல. ஒரே ராத்திரி நாலு மணி நேரக் கூத்துக்கு எட்டு மாதம் அந்தப் பிள்ளை அப்பா முகத்தைத் தூங்கற முகமாத்தான் பார்க்கணும்.

வாரத்துக்கு 48 மணி நேரமா இருந்த வேலையை 2023 ஜனவரியில 45 ஆக்கினாங்க. அரசாங்கம் குடுத்த அந்த மூணு மணி நேரம் எங்க போச்சு? அதையும் ஓ.டி.யாத் திருப்பிக் குடுத்தாச்சு.

அடுத்து சேமநிதி. கோவிட் காலத்துல ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரான்னு கதவைத் திறந்தாங்க. கடைசியா 2022-ல சிறப்பு எடுப்பும் வந்துச்சு. நாடு முழுக்க வெளிய போனது சுமார் 145 பில்லியன் ரிங்கிட். அது சோத்துக்கு எடுத்த காசு, அதைக் குறை சொல்றவன் பாவி. ஆனா 2024 மே மாதம் மூணாவது கணக்கு வந்துச்சே, சந்தாவுல நூத்துக்குப் பத்து விழுதே, 50 வெள்ளியில இருந்து எப்ப வேணும்னாலும் எடுக்கலாமே, அதை அவசரத்துக்குன்னு வச்சாங்க. நம்ம ஆளுங்க சிலருக்கு பலூன் வளைவும் அவசரம்தான்.

1960-ல துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பிச்சப்போ யாரு பங்கு கட்டினது? பெரட்டுக்கு இருட்டுலயே எழுந்து போய் பால் வெட்டின நம்ம தாத்தா பாட்டிங்க. வெள்ளைக்காரன் தோட்டத்தைத் துண்டு துண்டா வித்துட்டுப் போறான், லயத்துல இருந்து துரத்திடுவாங்கன்னு பயம். பத்துப் பத்து வெள்ளியாக் கட்டினாங்க. மறுவருஷம் கெடாவுல புக்கிட் சிடிம் தோட்டத்தையே வாங்கினாங்க. கைநாட்டு வச்ச கூட்டம் தோட்டம் வாங்குச்சு. படிச்ச நாம பலூன் வாங்கறோம்.

பழைய காலம் எல்லாம் பொற்காலம்னு சொல்ல வரல. கள்ளுக்கடை எத்தனை சம்பளத்தைத் தின்னுச்சுன்னு இங்க பெரியவங்களைக் கேட்டா சொல்வாங்க. அன்னிக்குக் கள்ளுக்கடை தின்னுச்சு, இன்னிக்கு மண்டபம் தின்னுது.

"ஊர் என்ன சொல்லும்?" எந்த ஊரு? தோட்டத்தை விட்டு ஆளுக்கொரு தாமான்ல இருக்கோம். சாப்பிட்டு, போட்டோ எடுத்து, கோழி வேகலன்னு சொல்லிட்டுப் போற அந்த 500 பேரா? உங்க தவணைக்கு அதுல ஒருத்தர் வருவாரா? "பிள்ளைக்கு ஒரு தடவைதானே" என்கிறவங்களுக்கும் ஒண்ணு சொல்றோம். ஒரு வயசுப் பிள்ளைக்கு அந்த ஸ்பீக்கர் சத்தத்துல அழத்தான் தெரியும்.

இன்னொரு கூட்டம் கிளம்பியிருக்கு. நிம்மதியா வாழ்றது எப்படின்னு ஹோட்டல்ல வகுப்பு, அதுக்கும் கட்டணம், அதுக்கும் தவணை. அம்மன் சந்நிதியில அரை மணி நேரம் போனை அணைச்சிட்டு உட்காருங்க. டிக்கெட் கிடையாது.

சில கோயில் திருவிழாவும் இதே வழியிலதான் போகுது. சாமி படத்தைவிடப் பெருசா உபயகாரர் முகம் போட்ட பேனர், பாட்டுக் கச்சேரிக்கு ஆயிரக்கணக்குல செலவு. நம்ம கோயில்ல இந்த ஆடிக்கு அது வேணாம்னு கூட்டத்தில எழுதிக் குடுத்திருக்கோம். கூழ், தீமிதி, வாழையிலையில சோறு, போதும். பத்து மணிக்கு மைக்கை நிறுத்திடலாம்.

வீட்டு விசேஷத்துக்கும் வழி வச்சிருக்கோம். கோயில் முன்னால பந்தல் போடலாம், இடத்துக்கு வாடகை கிடையாது. அண்டா, கரண்டி, அடுப்பு எல்லாம் ஸ்டோர்ல இருக்கு. முதல் நாள் ராத்திரி காய் நறுக்க நாங்க வர்றோம், உங்க பக்கத்துல பத்துப் பேர் வந்தா போதும். நூறு நூத்தம்பது பேருக்குத் தாராளமாச் சமைக்கலாம். மண்டபத்துக்கு முன்பணம் கட்டறதுக்கு முன்னால ஒரு தடவை எங்ககிட்ட பேசுங்க. வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சதும் அன்னதானக் கொட்டகையிலதான் இருப்போம், ஸ்டோர் சாவியும் அங்கதான் இருக்கும்.